கிராணி கொடுத்த வெற்றிலை

பெத்தம்மாளுக்கு வாய் நீளம் என்று சொல்லாதவர்கள் அந்தத் தோட்டத்தில் கிடையாது. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் மஞ்சத்தண்ணி அன்றைக்கு அவள் பாட்டைக் கேட்க முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றவர்கள்தான். அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

மலாக்காவில் தங்கா பத்து என்கிற ஊர்ப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலை மஞ்சள் கரைத்த அண்டாக்களைக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி ஓய்ந்த பிறகு பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடிப்பார்கள். அந்தக் கும்மியில் யாரை வேண்டுமானாலும் இழுத்துப் பாடலாம். கங்காணி, கடைக்காரர், பூசாரி, எவராக இருந்தாலும் சரி. பாட்டு வாங்கியவர் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, பாடியவள் கையில் வெற்றிலை பாக்கு வைத்துவிட வேண்டும். வெற்றிலை கை மாறியதும் பேச்சு அதோடு சரி. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கும்போது அதை எடுத்துப் பேசுகிறவன் மனுஷனே இல்லை. வருஷம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிற ஜனங்களுக்கு ஒரு காலைப்பொழுதாவது வேண்டாமா?

பெத்தம்மாளின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது. லயத்து வரிசை வீட்டில் அவள் தனி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முனியம்மாளும் அவள் புருஷன் வீரமுத்துவும் இருந்தார்கள். லயத்துப் பலகை கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீடு தும்மும். சண்டை, சமாதானம், பிள்ளை இல்லாத ஏக்கம், எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். கேட்டதைக் கேட்காதது போல இருந்துவிடுவதுதான் லயத்து மரியாதை. அந்த மரியாதையில் பெத்தம்மாள் ஒரு நாளும் தவறியதில்லை. வாய் நீளமே தவிர, வம்புக்காரி இல்லை அவள்.

முனியம்மாள் தன் விஷயத்தை வீட்டில் வைத்துச் சொல்லாததும் அந்தப் பலகைக்குப் பயந்துதான். வேலைக்காட்டில், மரங்களுக்கு நடுவில் வைத்துப் பெத்தம்மாளிடம் சொன்னாள்.

விஷயம் தம்புசாமி கிராணியைப் பற்றியது. கிராணி என்றால் சும்மா கணக்குப்பிள்ளை இல்லை. பாலை நிறுப்பதும் அவர்தான், பேர் போடுவதும் அவர்தான். முழு நாளா அரை நாளா என்பது அவர் பேனாவின் தயவு. ரப்பர் விலை படுத்துவிட்டிருந்த அந்த வருஷங்களில் பேரை அடித்துவிட்டால் நேரே நாகப்பட்டினத்துக்குக் கப்பல்தான். அதனால் பால் நிறுக்கிற ஸ்டோரில் பெண்களை நிறுத்திவைத்து அவர் பேசுகிற பேச்சையெல்லாம் ஒருத்தியும் வெளியே சொன்னதில்லை. மலாக்கா டவுனில் படித்தவர், எண்ணெய் தடவி வகிடெடுத்த கிராப்பு, அந்தக் கிராப்பின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

முனியம்மாளுக்கு வெட்டக் கொடுத்த மர வரிசை எட்டாம் நெரை, மேட்டுக்காடு. கடைசி ஆளாகத்தான் பாலைக் கொண்டுவந்து சேர்ப்பாள். அன்றைக்கு ஸ்டோரில் வேறு யாரும் இல்லை. கிராணி அவள் கையைப் பிடித்து இழுத்தார். வளையல் நொறுங்கியது. அவள் மறு கையால் வாளியைத் தூக்கி, இருந்த பால் அத்தனையையும் அவர் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். வெறும் வாளியோடு வந்தவளைக் கங்காணி கேட்டதற்கு, "தடுக்கி விழுந்து கொட்டிட்டேங்க" என்று சொல்லி அரை நாள் பேரை வாங்கிக்கொண்டாள்.

ரப்பர் பால் தலையில் காய்ந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். சீப்பும் இறங்காது, சீயக்காயும் எடுபடாது. மழிக்கிறது ஒன்றுதான் வழி. மறுநாள் கிராணி பளபளவென்று மொட்டையோடு பெரட்டுக்கு வந்து, மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றார். தோட்டமே அவர் பக்தியை மெச்சியது.

கேட்டதும் பெத்தம்மாளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அந்த மொட்டையை நினைத்துச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முனியம்மாளும் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.

"அக்கா, இது உன்னோட இருக்கட்டும். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கத்தியத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் அவரு தூக்குல, நான் கப்பல்ல."

"அடி போடி, என் வாயிலேருந்தா வரும்?"

சத்தியமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அதில் பொய் இல்லை.

ஆனால் திருவிழா நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு அவள் வயிற்றுக்குள் கிடந்து புரண்டது. நிறுவைக்குப் போகும்போதெல்லாம் கிராணி புதிதாகப் பால் வெட்ட வந்த சின்னப் பெண்களை ஏற இறங்கப் பார்ப்பதும் அவள் கண்ணில் பட்டது. இவனுக்குப் பயம் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். பேர் சொல்லாமல், யார் என்று தெரியாமல், மொட்டையை மட்டும் தொட்டுப் பாடினால் ஆயிற்று. அவனுக்கு மட்டும் உறைக்கும். இனிமேல் கை நீளாது. மற்றவர்களுக்கு அது வெறும் கிண்டல், வெற்றிலையோடு போய்விடும். இப்படித்தான் கணக்குப் போட்டாள். முனியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றும் ஒருமுறை தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால் கேட்கவில்லை.

மஞ்சத்தண்ணி அன்று கிராணி கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மொட்டையில் அரும்பு முடி விட்டிருந்தது. பெத்தம்மாள் கையைத் தட்டி எடுத்தாள்.

மொட்டை போட்ட கிராணி அய்யா - உங்க
முடியக் கேட்டது எந்தச் சாமி?
பட்டுக் கட்டின மாரியாத்தா - அவ
பாக்கலியாம் உங்க காணிக்கைய!

கூட்டம் ஹோவென்று சிரித்தது. இருநூறு பேர் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் பாடுகிறவளை என்ன செய்யும் என்பது பாடினவர்களுக்குத்தான் தெரியும்.

கையப் புடிச்சாப் பாலு ஊத்தும் - அந்தக்
காட்டுச் சாமி பொல்லாத சாமி
மையப் போல இருந்த முடிய - அது
மழிக்க வச்சுப் போச்சுதம்மா!

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் கட்டிவைத்திருந்ததும் அவ்வளவுதான். ஆனால் ஆண்கள் துண்டைத் தூக்கிச் சுழற்றுகிறார்கள், "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்துகிறார்கள், கிராணியின் முகம் வெளுக்கிறது. யாரோ பிடித்துத் தள்ளியது போல மூன்றாவது பாட்டுத் தானாக வந்து விழுந்தது.

தடுக்கி விழுந்து கொட்டின பாலு - அது
தரையில ஒண்ணும் ஊறலியே
எடுத்து ஊத்தின எடம் எதுவோ - நம்ம
எட்டாம் நெரைதான் சொல்லணுமே!

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நினைவு வந்தது. எட்டாம் நெரை யாருடையது, தடுக்கி விழுந்தேன் என்று வெறும் வாளியோடு வந்தது யார், கிராணி மொட்டை போட்டது எப்போது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கும்மி வட்டத்தில் பெத்தம்மாளுக்கு நேர் எதிரில் நின்ற முனியம்மாள் தட்டுவதற்காகத் தூக்கிய கைகளை இறக்காமல் அப்படியே நின்றாள். கூட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் சொட்டச் சொட்ட வீரமுத்து நின்றுகொண்டிருந்தான்.

கிராணி எழுந்து வந்தார். சிரித்தார். தாம்பாளத்திலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துப் பெத்தம்மாள் கையில் வைத்தார். "நல்லாப் பாடுறே" என்றார். வழக்கப்படி அதோடு முடிந்தது என்று அவளும் அந்த வெற்றிலையை வாயில் போட்டு மென்றாள்.

அன்று சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் வீரமுத்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "என்ன நடந்துச்சு?" முனியம்மாளும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஒண்ணும் நடக்கல. தடுக்கி விழுந்தேன்." மறுநாளிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடாமல் கடையில் ரொட்டி வாங்கித் தின்றான். பெத்தம்மாள் கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றாள். முனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழம்பைத் திரும்பக் கொண்டுவந்து நாய்க்கு ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க அவளுக்குக் கால் வரவில்லை.

வெற்றிலை கொடுத்த கையாலேயே கிராணி கோர்ட்டில் பிராது கொடுத்தார். காரணம் இருந்தது. மலாக்கா டவுனில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணை அவருக்குப் பேசியிருந்தார்கள். பாட்டு எப்படியோ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. பேரைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வாருங்கள், பிறகு பரிசம் போடலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டாராம். பெத்தம்மாளுக்குச் சம்மன் வந்தது. மானநஷ்டம், அவதூறு என்று என்னென்னவோ எழுதியிருந்ததாம்.

காளிமுத்து கங்காணிக்குக் கிராணியைக் கண்டால் ஆகாது. அவர்தான் செபாஸ்டியன் என்கிற இளம் லாயரைப் பிடித்துக் கொடுத்தார். டவுன்காரர், மாதா கோயில் ஆள், ஏழை எளியதுகளின் கேஸை இனாமாக எடுத்து நடத்துகிறவர். பெத்தம்மாள் அவரிடம் முதலில் சொன்னதே வெற்றிலையைத்தான்.

"வெத்தலையக் குடுத்தாரு தம்பி. எல்லாரும் பாத்தாங்க. குடுத்தப்புறம் எப்படிக் கேஸ் போடலாம்?"

"அம்மா, உங்க தோட்டத்துல அது சட்டமா இருக்கலாம். கோர்ட்டுல வெத்தலைக்கு மதிப்பில்ல." அவர் சிரிக்கவில்லை. "நீங்க பாடினது நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப பயமே வேணாம். நெசம், அதையும் நாலு பேரு நன்மைக்காகச் சொன்னதுன்னு காட்டிட்டா சட்டம் உங்க பக்கம். ஆனா நீங்க சொல்லிப் பத்தாது, நீங்க பாக்கல. அந்தப் பொம்பளை வந்து கூண்டுல ஏறிச் சொல்லணும். யாரு அவங்க?"

கங்காணி தொண்டையைக் கனைத்தார். பெத்தம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் அடங்கிவிட்டார்.

"ஊருக்கே தெரியும்ங்கறாங்க. நான் வேற யாரையாவது விட்டு விசாரிச்சுக்கட்டுமா?"

"அவ பேரு உங்க வாயில வந்துச்சுன்னா நான் கோர்ட்டுக்கே வரமாட்டேன். என்னைப் புடிச்சுப் போட்டுக்கட்டும்."

செபாஸ்டியன் அலுப்போடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயுள்ள அம்மான்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க" என்றார்.

அப்போதாவது அவள் போய்க் கேட்டிருக்கலாம். நடுவில் இருந்தது ஒரு பலகை. 'முனி, இப்படி இருக்குது நெலமை, நீ என்னடி சொல்றே?' அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பெத்தம்மாளுக்கு வெட்கம். வெட்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் வீம்பும் இருந்தது. பாடிக் கெடுத்ததை வாயை மூடிக்கொண்டு சரிக்கட்டிவிடுவேன் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டாள். அந்தச் சபதத்தில் ஒரு சுகமும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கேஸுக்கு முதல் நாள் சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் முனியம்மாள் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் வீரமுத்து அழுவது கேட்டது. ஆண்பிள்ளை அழுகிற சத்தம். தன்னால்தான் இந்தச் சண்டை என்று பெத்தம்மாள் நினைத்தாள். கேட்கக் கூடாது என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், பேச்சு அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். லயத்து மரியாதை!

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கங்காணியோடு மலாக்காவுக்குப் போய்விட்டாள். தஞ்சோங் கிளிங் தாண்டும்போது கடல் வெயிலில் மின்னியது. ஜெயிலில் என்ன சோறு போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

கோர்ட்டு வராந்தாவில் செபாஸ்டியன் அவளைத் தனியாக அழைத்துப் போனார். "அந்தப் பக்கத்து லாயர் ஒரு பேச்சு சொல்றாரு. பாடினது பொய்னு நீங்க கோர்ட்டுல சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டா, கிராணி பிராதைத் திரும்ப வாங்கிக்குவாராம். அபராதம் கெடையாது, ஜெயில் கெடையாது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பொய்யைப் பொய்ன்னுதான் சொல்லலாம், நெசத்தைப் பொய்ன்னு சொல்லக் கூடாது. ஆனா முடிவு உங்களது."

பெத்தம்மாளுக்கு அது சாமியே எடுத்துக் கொடுத்தது போலத் தோன்றியது. ஜெயிலுக்குப் போனால் பாட்டு உண்மை என்றே நின்றுவிடும், ஊர் முனியம்மாளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். பாட்டே பொய் என்று ஆகிவிட்டால்? அப்போது ஸ்டோரில் எதுவுமே நடக்கவில்லை. முனியம்மாள் தடுக்கித்தான் விழுந்தாள். வீரமுத்து வீட்டில் சோறு தின்பான். அவமானம் மிஞ்சினால் அது தன்னோடு போகட்டும், தனிக்கட்டைக்கு என்ன?

பியூன் வாசலில் நின்று அவள் பேரை மூன்று தரம் கூவினான். உள்ளே போனாள். உயரத்தில் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரை, பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு துபாஷி. எதிரில் கிராணி, தலையில் முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"நீ பாடியது உண்மையா பொய்யா என்று துரை கேட்கிறார்" என்றார் துபாஷி.

இருநூறு பேர் முன்னால் பாடியவள், பத்துப் பேர் இருந்த அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொய்யிங்க."

"எல்லாமா?"

"எல்லாமே பொய்யிங்க. சிரிக்கிறதுக்காக நானே கட்டினது. கிராணியாரு நல்லவரு. மன்னிச்சுக்கணும்."

துரை எதையோ எழுதினார். கிராணி பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். முடிந்தது. சொல்லி முடித்ததும் பெத்தம்மாளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது. முதல் வேலையாக லயத்துக்குப் போய், முனி வாசலில் நின்று, 'எல்லாத்தையும் தொடைச்சுட்டேன்டி' என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

வாசலில் மரத்தடியில் முனியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வீரமுத்து விறைப்பாக நின்றான். பெத்தம்மாளைக் கண்டதும் முனியம்மாள் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"என் பேர எப்பக்கா கூப்புடுவாங்க?"

பெத்தம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டாவது பஸ்ஸுல வந்தோம். பியூன்கிட்டக் கேட்டதுக்கு, பேரு சொல்லிக் கூப்புடற வரைக்கும் வெளிய இருன்னுட்டாரு. உன் பேரக் கூப்பிட்டது இங்க கேட்டுச்சு. அடுத்தது என்னுதுதான்னு ஒக்காந்திருக்கேன்." அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "நேத்து இவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. கத்தியத் தூக்கல. அழுதாரு. அப்புறம், கோர்ட்டுல போய்ச் சொல்லு, நான் கூட வரேன்னாரு."

"ஒங்கள ஜெயிலுக்கு அனுப்பிட்டு நாங்க சோறு திங்க முடியுமா அக்கா?" என்றான் வீரமுத்து.

பெத்தம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்படிச் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிற்பாடு ஞாபகம் இல்லை. கங்காணிதான் மீதியைச் சொன்னார். "பொய்யின்னு சொல்லிடுச்சு. கிராணி கேஸை வாங்கிக்கிட்டாரு. அவ்வளவுதான்லா, முடிஞ்சு போச்சு."

வீரமுத்து உள்ளே ஓடப் போனான். செபாஸ்டியன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இனிமே உள்ள கேஸ் இல்லப்பா. வெளிய இவங்க இதைச் சொன்னா அவரு இவங்க மேல புதுசாப் பிராது குடுப்பாரு. பெத்தம்மாளே துரை முன்னால பொய்னு ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக் காட்டுவாரு." சொல்லிவிட்டு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

முனியம்மாள் பெத்தம்மாள் பக்கம் திரும்பினாள். கோபம் வந்திருந்தால் பெத்தம்மாள் தாங்கியிருப்பாள். முனியம்மாள் குனிந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.

"என் கையத்தானேக்கா அவன் புடிச்சான்?"

"ஆமாடி."

"பாடறப்ப என்னைக் கேக்கல. சரி, வாய் தவறிப் போச்சுன்னு வச்சுக்கிட்டேன். இன்னைக்கு இல்லேன்னு சொல்றப்பவும் என்னைக் கேக்கலியே. பக்கத்து ஊடுதானே நான்?"

திரும்பும்போது நாலு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். முனியம்மாள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்புச் சேலை கசங்கிவிடக் கூடாது என்பது போல அதை மடியில் பிடித்து வைத்திருந்தாள்.

அடுத்த வருஷமும் மஞ்சத்தண்ணி வந்தது. கிராணிக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. புதுப் பெண்டாட்டியோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வகிடு எடுத்த முடியில் எண்ணெய் வழிந்தது. பெண்கள் பெத்தம்மாளை வட்டத்துக்குள் இழுத்தார்கள். அந்த ஒரு வருஷமாக அவள் எதையும் பாடவில்லை. தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கிராணி உரக்கக் கூப்பிட்டார்.

"ஏன் தயங்கறே? பாடு பாடு. உன் பாட்டு பொய்ப் பாட்டுன்னு ஊருக்கே தெரியும், நான் ஏன் கோவிச்சுக்கப்போறேன்? இந்தா, வெத்தலைய முன்னாலேயே வாங்கிக்க."

கூட்டம் சிரித்தது. போன வருஷம் சிரித்த அதே ஜனங்கள்தான்.

பெத்தம்மாள் சிரிக்காத முகம் ஒன்றைப் பார்த்தாள். இருசம்மாள், போன மாதம் பால் வெட்டில் பேர் பதிந்த பெண். திருவிழாவுக்கு வந்த வளையல்காரரிடம் எல்லாப் பெண்களும் கை நிறையப் போட்டிருந்தார்கள். அவளுடைய இடது கை நிறைய இருந்தது. வலது கையில் ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டில் கீறல்கள் புதிதாக இருந்தன.

பெத்தம்மாள் வட்டத்தை விட்டு வெளியே வந்தாள். கிராணி நீட்டிய வெற்றிலை அப்படியே நீட்டியபடி இருந்தது. இருசம்மாளைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கையைப் பிடிக்காமல், தொடாமல், தள்ளி நின்று கேட்டாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு தணிந்து பேசியதில்லை.

"கண்ணு, இது உன் விஷயம். நீ சொல்றதுன்னா நான் கூட வரேன். நான் சொல்லணும்னா சொல்றேன். வேணாம்னா செத்தாலும் என் வாயிலேருந்து வராது. நீ என்ன சொல்றே?"

இருசம்மாள் வெறும் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சொல்லத்தான் ஆசையா இருக்குக்கா" என்றாள். "ஆனா யாரு நம்புவா? இது பொய்னு நீங்கதானே கோர்ட்டுல சொல்லியிருக்கீங்க."

கோயில் வாசலில் வேறு யாரோ பாட்டை எடுத்தார்கள். கும்மி தொடங்கியது.